டெமோ பாக்குறது ஒருத்தர், டிசி போடுறது வேற ஒருத்தர்

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சுக்கணும்னா முதலாளி ரூம்ல போய் உக்காரக்கூடாதுங்க, டிசி போடுற மேசைகிட்ட போய் நிக்கணும். நூல் நிட்டிங்குக்கு போகுது, துணியாகி டையிங்குக்கு போகுது, அங்கிருந்து காம்பாக்டிங் (துணி அப்புறம் சுருங்காம இருக்க பண்ற வேலை), சில ஸ்டைலுக்கு நடுவுல பிரிண்டிங், அப்புறம் கட்டிங், பவர் டேபிள்னு சொல்ற தையல், செக்கிங், அயனிங், பேக்கிங். இதுல பாதி வேலை ஜாப் ஒர்க்குக்கு வெளிய போயிட்டு வர்றது. ஒவ்வொரு தடவ வண்டி கேட்ட தாண்டும்போதும் ஒரு டெலிவரி சலான் எழுதணும், அதத்தான் டிசின்னு சொல்றோம். எத்தன கிலோ போச்சு, எத்தன கிலோ வந்துச்சு, எது இன்னும் டையிங்லயே கிடக்கு, எல்லாம் அந்த மேசைல இருக்குறவங்களுக்கு தான் தெரியும்.

நான் பதினஞ்சு வருஷமா இந்த ஊர்ல கம்பெனிகளுக்கு அக்கவுண்டிங் சாஃப்ட்வேர், ஈஆர்பி (ஆர்டர், ஸ்டாக், தயாரிப்பு, கணக்கு எல்லாத்தையும் ஒரே இடத்துல பாக்குற சாஃப்ட்வேர்) இதெல்லாம் போட்டு குடுக்குற வேலைல இருக்கேன். கடந்த ரெண்டு மூணு வருஷமா எந்த கம்பெனிக்கு போனாலும் முதலாளி டீ சொல்லிட்டு கேக்குற முத கேள்வி, "நம்ம கம்பெனிக்கு ஏஐ போடலாமா?" நல்ல கேள்விதான், ஆனா அதுக்கு ஒத்த வரில ஆமா இல்லன்னு சொல்ல முடியல. ஒரு கம்பெனி புது சாஃப்ட்வேர் எப்படி வாங்குது, வாங்குனதுல எது நிக்குது, எது ஆறு மாசத்துல மூலைக்கு போகுதுன்னு பாத்தவங்களுக்கு ஏஐ விஷயத்துலயும் அதே கதை தான் நடக்கப்போகுதுன்னு புரியும். அதான் கொஞ்சம் விளக்கமா எழுதலாம்னு.

டேலில இருந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா நம்ம ஊர்ல சின்ன கம்பெனி, நடுத்தர கம்பெனி எதுவானாலும் முதல்ல உள்ள வந்த சாஃப்ட்வேர் பெரும்பாலும் அதுதான். 1986ல பெங்களூர்ல ஷியாம் சுந்தர் கோயங்கான்னு ஒருத்தர், ஆலைகளுக்கும் துணி மில்லுகளுக்கும் மூலப்பொருள், மெஷின் பார்ட்ஸ் சப்ளை பண்ணிட்டிருந்தவர், தன் கணக்க பாக்க சரியான சாஃப்ட்வேர் கிடைக்கலன்னு மகன் பரத் கோயங்காவ எழுத சொல்லி வந்தது அது. அதோட முக்கியமான விஷயம் என்னன்னா அக்கவுண்டுக்கு கோடு நம்பர் எதுவும் கிடையாது. லெட்ஜர் பேர நேரா அடிச்சா போதும், பேரேடு எழுதுற மாதிரியே. அப்புறம் கீபோர்டு. எஃப்5 பேமெண்ட், எஃப்6 ரிசீப்ட், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். பழகுன அக்கவுண்டண்ட் மவுச தொடவே மாட்டார், ஒரு கைல பில்லு கட்டு, இன்னொரு கை கீபோர்டுல, கண்ணு பில்லு மேலயே இருக்கும்.

இந்த கை பழக்கத்துக்கு இருக்குற பலம் எந்த ஃபீச்சர் லிஸ்டுலயும் வராதுங்க. பி.காம் முடிச்ச பசங்க கம்ப்யூட்டர் சென்டர்ல டேலி தான் படிச்சாங்க, லைசென்ஸ் இல்லாம எஜுகேஷனல் மோடுல ஓட்டுனா 1, 2, 31 தேதிக்கு மட்டும் தான் என்ட்ரி போட முடியும், அதுலயே போட்டு போட்டு கத்துக்கிட்டு வேலைக்கு வந்தாங்க. ஆடிட்டர் ஆபீஸ்லயும் டேலி, அவருக்கு டேட்டாவ ஒரு பென்டிரைவ்ல குடுத்தா வேலை முடிஞ்சது. அப்போ ஒரு முதலாளி வேற ஒன்ன வாங்கணும்னா சாஃப்ட்வேர் விலைய மட்டும் பாத்தா பத்தாது, வேலைக்கு எடுக்குற ஒவ்வொரு ஆளுக்கும் புதுசா சொல்லிக்குடுக்கணும், ஆடிட்டர சம்மதிக்க வைக்கணும், ஆள் லீவு போட்டா பக்கத்து கம்பெனில இருந்து ஒருத்தர கூப்பிட்டு உக்கார வைக்க முடியாது. அதனால பல முதலாளிங்க, "ஆடிட்டர் என்ன சொல்றாரோ அத போட்டுடுங்க"ன்னு முடிச்சிருவாங்க. சோம்பேறித்தனம் மாதிரி தெரியும், ஆனா உண்மையிலேயே அது ரொம்ப சரியான கணக்கு.

இதுல புதுசு ஒன்னும் இல்ல. அமெரிக்கால அயோவா மாநிலத்துல ஹைபிரிட் மக்காச்சோள விதை எப்படி பரவுச்சுன்னு ரயன், கிராஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1943ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. விதை பத்தி முதல்ல தகவல் சொன்னது பெரும்பாலும் சேல்ஸ்மேன், ஆனா போடலாம்னு முடிவு பண்ண வச்சதுல பெரிய பங்கு பக்கத்து தோட்டத்துக்காரருக்கு. அவர் காட்டுல எப்படி விளைஞ்சிருக்குன்னு நேர்ல பாத்துட்டு தான் போட்டாங்க. அவிநாசி ரோட்டுலயும் அதேதான். நான் எத்தன தடவ டெமோ காட்டுனாலும் கடைசில கேக்குறது, "நம்ம சைடுல யாரு போட்டிருக்காங்க, அவங்க நம்பர் குடுங்க, நான் பேசிக்கிறேன்." அந்த ஒரு போன்கால்ல தான் முடிவாகும்.

அடுத்தது சட்டம். நம்ம ஊர் கம்பெனிகள் சாஃப்ட்வேர மாத்துன தேதிகள எடுத்து வச்சு பாத்தா, அது டெக்னாலஜி வந்த தேதியா இருக்காது, அரசாங்கம் குறிச்ச கெடுவா தான் இருக்கும். 2017 ஜூலை 1 ஜிஎஸ்டி. அதுவரைக்கும் கைல பில் போட்டவங்க கூட அந்த ஜூன் மாசம் முழுக்க எங்கள தூங்க விடல. 2018 ஏப்ரல் 1ல இருந்து வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல சரக்கு போனா இ-வே பில், அதாவது வண்டியோட போக வேண்டிய ஆன்லைன் சீட்டு. அப்புறம் இ-இன்வாய்ஸ், பில்ல அரசாங்க போர்ட்டல்ல பதிவு பண்றது, அது படிப்படியா இறங்குச்சு, 2020 அக்டோபர்ல 500 கோடி டர்ன்ஓவருக்கு மேல, 2021 ஜனவரில 100 கோடி, அதே ஏப்ரல்ல 50 கோடி, 2022 ஏப்ரல்ல 20 கோடி, அக்டோபர்ல 10 கோடி, 2023 ஆகஸ்ட்ல 5 கோடி. ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஒரு கூட்டம் கம்பெனிக்காரங்க ஒரே மாசத்துல சாஃப்ட்வேர் வாங்க ஓடி வந்தாங்க. 2023 ஏப்ரல் 1ல இருந்து கம்பெனி சட்டத்துக்கு கீழ வர்றவங்க, பிரைவேட் லிமிடெட் உட்பட, யாரு எந்த என்ட்ரிய எப்போ மாத்துனாங்கன்னு பதிவு வைக்கிற சாஃப்ட்வேர்ல தான் கணக்கு எழுதணும், அந்த பதிவ நிறுத்தி வைக்கவும் முடியக்கூடாதுன்னு ஆச்சு. அதுவரைக்கும் பழைய வெர்ஷனே போதும்னு இருந்தவங்க கூட அந்த மார்ச்ல மாறுனாங்க.

கெடு வச்சு வாங்குறதுல ஒரு நல்லது இருக்கு, நகர்ந்தே ஆகணும். கெட்டது என்னன்னா யோசிக்க நேரம் இருக்காது. எது முதல்ல கைல கிடைக்குதோ அது. அப்புறம் அஞ்சு வருஷம் அதோட வாழணும்.

இப்போ நான் ரொம்ப வருத்தத்தோட நினைக்கிற ஒரு சம்பவம். கொஞ்ச வருஷம் முன்னாடி இங்க ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி, பேரு வேண்டாம், பெரிய ஈஆர்பி ஒன்னு வாங்குனாங்க. டெமோவுக்கு நானும் போயிருந்தேன். ஸ்கிரீன்ல கலர் கலரா கிராஃப், எந்த ஸ்டைல் எந்த ஸ்டேஜ்ல இருக்குன்னு ஒரே பக்கத்துல தெரியுது, முதலாளிக்கும் அவர் பையனுக்கும் அவ்வளவு சந்தோஷம். டிசி போடுற அக்கா அந்த ரூமுக்குள்ள வரவே இல்ல, அவங்க கேட்டுகிட்ட வேலைல இருந்தாங்க, யாரும் கூப்பிடல, கூப்பிடணும்னு எனக்கும் அன்னைக்கு தோணல.

பிரச்சனை எங்க வந்துச்சுன்னா, டையிங்குக்கு நூறு கிலோ துணி அனுப்பினா திரும்ப நூறு கிலோ வராது, எடை குறையும். எவ்வளவு குறையும்ங்கறது கலருக்கு ஒரு மாதிரி, துணிக்கு ஒரு மாதிரி, மழை நாள்ல ஈரத்தோட வந்தா எடை கூட காட்டும். அந்த ஈஆர்பில லாஸ் இத்தன சதவீதம்னு ஒரே நம்பர ஃபிக்ஸ் பண்ணி வச்சிருந்தாங்க. அதுக்கு மேல கீழ போனா சேவ் ஆகாது, மேனேஜர் அப்ரூவல் குடுக்கணும். சாயங்காலம் ஏழு மணிக்கு வண்டி கேட்டுல நிக்குது, டிரைவர் ஹாரன் அடிக்கிறார், மேனேஜர் போன எடுக்கல, ஸ்கிரீன்ல சிவப்பு எழுத்து. அந்த அக்கா என்ன செய்வாங்க? பழைய நோட்டுல எழுதிட்டு சரக்க இறக்கிட்டாங்க. அடுத்த நாள் காலைல சாஃப்ட்வேர் ஏத்துக்குற நம்பர் எதுவோ அத போட்டு சேவ் பண்ணாங்க. ஒரு நாள் இல்ல, தினமும். மூணு மாசத்துல சாஃப்ட்வேர் காட்டுற ஸ்டாக் ஒன்னு, குடோன்ல இருக்குறது ஒன்னு. கட்டிங் மாஸ்டர் சாஃப்ட்வேர நம்பி லே போட, அதாவது வெட்டுறதுக்கு துணிய அடுக்க போய் துணி பத்தாம நின்னுச்சு. அப்புறம் மீட்டிங், சத்தம், "நம்ம ஆளுங்களுக்கு கம்ப்யூட்டர் வரல"ன்னு முடிவு. அது பொய்ங்க. அந்த அக்காவோட நோட்டுல ஒவ்வொரு கிலோவும் சரியா இருந்துச்சு. தப்பு நம்பர் போட சொல்லிக்குடுத்தது சாஃப்ட்வேர் தான்.

இது சின்ன ஊர் பிரச்சனைன்னு நினைக்காதீங்க. ஜெர்மனில லிடில்னு பெரிய சூப்பர்மார்க்கெட் கம்பெனி, ஐரோப்பா முழுக்க கடை வச்சிருக்காங்க. 2011ல எஸ்ஏபிங்கற ஈஆர்பி சாஃப்ட்வேருக்கு மாற ஆரம்பிச்சு, ஏழு வருஷம் வேலை பாத்து, கிட்டத்தட்ட 50 கோடி யூரோ செலவு பண்ணி, 2018ல வேண்டாம்னு நிறுத்திட்டாங்க. காரணமா சொன்னதுல முக்கியமான ஒன்னு, லிடில் தன் சரக்க வாங்குன விலைல கணக்கு வைக்கிற பழக்கம், அந்த சாஃப்ட்வேர் விக்கிற விலைல கணக்கு வைக்கிற மாதிரி அமைஞ்சது. பழக்கத்த மாத்த இவங்க தயாரா இல்ல, அதனால சாஃப்ட்வேர வெட்டி ஒட்டி மாத்த மாத்த அது சிக்கலாகிட்டே போச்சு. நம்ம கம்பெனில ஒரே நம்பர்ல டையிங் லாஸ்னா, அங்க சரக்கு விலை. அளவு தான் வேற, வேர் ஒன்னு. ஒரு கம்பெனி வேலைய எப்படி செய்யுதுன்னு உள்ள பழகிப்போன சில விஷயம் இருக்கும், அது எங்கயும் எழுதி வச்சிருக்காது, டெமோல யாரும் கேக்க மாட்டாங்க.

நேரமும் முக்கியம். ஹெர்ஷின்னு அமெரிக்க சாக்லேட் கம்பெனி, நாலு வருஷம் எடுக்க வேண்டிய வேலைய ரெண்டரை வருஷத்துக்கு சுருக்கி, 1999 ஜூலைல புது சிஸ்டத்த ஓட விட்டாங்க. அவங்களுக்கு அக்டோபர் கடைசில ஹாலோவீன், மிட்டாய் விக்கிற சீசன். குடோன்ல சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டர அனுப்ப முடியாம போச்சு. நம்ம ஊர்ல எல்லாருக்கும் ஏப்ரல் 1 தான் வேணும், ஓப்பனிங் பேலன்ஸ் சுத்தமா வரும்னு. நியாயம் தான். ஆனா உள்நாட்டு பனியன் ஜட்டி போடுற கம்பெனி தீபாவளி சரக்கு ஓடுற நேரத்துல சாஃப்ட்வேர் மாத்துறேன்னு வந்தா நான் இப்போல்லாம் முடியாதுன்னே சொல்லிடுறேன்.

சரி, ஏஐ. இங்க ஒரு வித்தியாசம் இருக்கு, அத முதலாளிங்க பலர் கவனிக்கல. டேலி, ஈஆர்பி எல்லாம் மேல இருந்து கீழ வந்துச்சு, முதலாளி வாங்கி ஆளுங்களுக்கு குடுத்தார். ஏஐ கீழ இருந்து மேல வருது. 2022 நவம்பர் கடைசில சாட்ஜிபிடி வந்துச்சு, கொஞ்ச நாள்லயே ஆர்டர் பாத்துக்குற மெர்ச்சண்டைசர் பசங்க ஃபாரின் பையருக்கு மெயில் எழுத அத யூஸ் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. ஷிப்மெண்ட் லேட்டாகும்னு மரியாதையா இங்கிலீஷ்ல எழுதுறது லேசான வேலை இல்ல, ஒரு மெயிலுக்கு அரை மணி நேரம் உக்காந்திருந்த பொண்ணு இப்போ அஞ்சு நிமிஷத்துல முடிக்கிறாங்க. நல்ல விஷயம். ஆனா அதே பொண்ணு பையரோட டெக் பேக்க (டிசைன், அளவு எல்லாம் இருக்குற ஃபைல்), கம்பெனியோட காஸ்டிங் ஷீட்ட அப்படியே காப்பி பண்ணி சொந்த அக்கவுண்டுல போட்டு, "இத சுருக்கி குடு"ன்னும் கேக்குறாங்க, அது வெளிய போகக்கூடாத விஷயம்னு அவங்களுக்கு யாரும் சொல்லல. "ஏஐ போடலாமா"ன்னு கேக்குற முதலாளிக்கு நான் முதல்ல சொல்றது இதத்தான், உங்க கம்பெனில ஏற்கனவே வந்தாச்சுங்க, எங்க, யாரு, எதுக்கு வச்சிருக்காங்கன்னு கோவப்படாம கேட்டு பாருங்க, கோவப்பட்டா மறைச்சுடுவாங்க.

எதுக்கு உண்மையிலேயே உதவுது? பொருத்தி பாக்குற வேலைக்கு. 2022 ஜனவரில இருந்து, நமக்கு சரக்கு வித்தவர் ரிட்டர்ன்ல காட்டி அது நம்ம ஜிஎஸ்டிஆர் 2பில, அதாவது போர்ட்டல் மாசாமாசம் குடுக்குற லிஸ்ட்ல வந்தா தான் இன்புட் கிரெடிட் (வாங்கும்போது கட்டுன வரிய கழிச்சுக்கறது) எடுக்க முடியும். அதனால மாசாமாசம் பர்ச்சேஸ் ரெஜிஸ்டரையும் 2பியையும் வரிக்கு வரி ஒட்டி பாக்கணும். அவர் பில் நம்பர வருஷம், ஸ்லாஷ், சைபர் எல்லாம் சேத்து போட்டிருப்பார், நம்ம ஆள் வெறும் 45ன்னு போட்டிருப்பார். ரூபாய்ல ரவுண்ட் ஆஃப் வித்தியாசம். எக்செல் ஃபார்முலா இதுல தடுமாறும், மனுஷன் கண்ணு மூணு நாள் எடுக்கும். இந்த மாதிரி இடத்துல ஏஐ போட்டு, "இது இதுவா இருக்கலாம், பாத்து ஓகே பண்ணுங்க"ன்னு காட்டுனா பெரிய நிம்மதி. பில்ல போட்டோ எடுத்தா என்ட்ரி தானா ரெடியாகுறதும் அப்படித்தான். தப்பு வந்தாலும் பக்கத்துலயே பில் இருக்கு, பாத்த உடனே தெரிஞ்சுடும். ஏஐக்கு எந்த வேலைய குடுக்கலாம்னு நான் பாக்குற அளவுகோல் இதான், தப்பு பண்ணா உடனே கண்ணுல படுமா படாதா.

படாத இடம் எப்படி இருக்கும்னு ஒரு உதாரணம். ரெடிமேட் துணிக்கு ரொம்ப நாளா ஒரு பீஸ் 1,000 ரூபாய் வரைக்கும் 5 சதவீதம், அதுக்கு மேல 12 சதவீதம் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22ல இருந்து 2,500 ரூபாய் வரைக்கும் 5, அதுக்கு மேல 18. ஏஐ படிச்ச டேட்டால பழைய ரேட்டு ஆயிரம் இடத்துல இருக்கும், புதுசு இல்லாமயே கூட போயிருக்கலாம், கேட்டா கொஞ்சமும் தயங்காம 12ன்னு சொல்லிடும். புது பையன் அத நம்பி இன்வாய்ஸ் போட்டா, மாச கடைசில ஆடிட்டர் கண்ணுல படுற வரைக்கும் யாருக்கும் தெரியாது.

அப்போ தப்புக்கு யாரு பொறுப்பு? ஏர் கனடா கேஸ பாருங்க. பாட்டி இறந்து ஊருக்கு போகணும்னு ஒரு பயணி 2022ல அவங்க வெப்சைட் சாட்பாட்ட கேட்டார், இப்போ டிக்கெட் எடுங்க, துக்க சலுகைய 90 நாளுக்குள்ள அப்புறமா வாங்கிக்கலாம்னு அது சொல்லுச்சு. கம்பெனி விதி அப்படி இல்ல. பணம் கேட்டப்போ, சாட்பாட் சொன்னதுக்கு அதுவே பொறுப்பு, நாங்க இல்லங்கற மாதிரி கம்பெனி வாதாடுச்சு. பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் 2024 பிப்ரவரில அத ஏத்துக்கல, உங்க வெப்சைட்ல வர்ற எல்லாத்துக்கும் நீங்க தான் பொறுப்புன்னு சொல்லி, வட்டி கட்டணம் சேத்து சுமார் 812 கனடா டாலர் குடுக்க சொல்லுச்சு. தொகை சின்னது தான், விஷயம் பெருசு. இங்க ஒரு முதலாளி ஏஐ வாங்கும்போது விக்கிறவர்கிட்ட கேக்க வேண்டிய கேள்வி, "இது என்னெல்லாம் பண்ணும்"ங்கறது இல்ல. "இது தப்பா பண்ணுனா எனக்கு எப்படி தெரியும், நைட்டு எட்டு மணிக்கு யாரு போன் எடுப்பாங்க, என் டேட்டாவ நாளைக்கு நான் வேணும்னா முழுசா வெளிய எடுத்துக்க முடியுமா?" இந்த மூணுக்கு பதில் சொல்ல மழுப்புனா வாங்காதீங்க, எவ்வளவு அழகா டெமோ காட்டுனாலும்.

அப்புறம் டேட்டா. ஏஐ வந்து எல்லாத்தையும் சரி பண்ணிடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. ஒரே டையிங் யூனிட்டோட பேரு லெட்ஜர்ல மூணு விதமா கிடக்கும், ஸ்ரீ போட்டு ஒன்னு, போடாம ஒன்னு, புள்ளி வச்சு ஒன்னு. ஒரு ஸ்டைலுக்கு நாலு கலர், அஞ்சு சைஸ்னா இருபது ஐட்டம், அத ஒரே ஐட்டமா "டீஷர்ட்"னு போட்டு வச்சிருப்பாங்க. இந்த டேட்டாவ குடுத்து எந்த சைஸ் தேங்குதுன்னு கேட்டா எந்த ஏஐ வந்தாலும் சொல்ல முடியாதுங்க. ரெண்டு மாசம் உக்காந்து லெட்ஜர், ஐட்டம் மாஸ்டர சுத்தம் பண்ணுற செலவ யாரும் பட்ஜெட்ல வைக்கிறதில்ல, ஆனா உண்மையான செலவு அதுதான், லைசென்ஸ் விலை இல்ல.

இப்போ நான் ஒரு கம்பெனிக்கு புதுசா போனா முத வாரம் டிசி மேசைல தான். நோட்ட வாங்கி ஒவ்வொரு பத்தியா பாப்பேன். போன வருஷம் போன ஒரு கம்பெனில அந்த அக்கா நோட்டுல கடைசியா "குறிப்பு"ன்னு ஸ்கேல் வச்சு கோடு போட்டு ஒரு பத்தி வச்சிருந்தாங்க. உள்ள, "மழை, துணி ஈரம்", "ரெண்டு ரோல் நாளைக்கு", "ஷேடு டவுட், மாஸ்டர்கிட்ட சொல்லியாச்சு". நான் அதுவரைக்கும் போட்டு குடுத்த எந்த ஸ்கிரீன்லயும் அந்த பத்தி இல்ல. கம்பெனிய நடத்துறதே அந்த பத்தி தான்னு அன்னைக்கு தான் எனக்கு உறைச்சுது.

அங்க இப்போ ஒன்னு முயற்சி பண்ணிட்டு இருக்கோம். வண்டி வந்ததும் அந்த அக்கா போன்ல தமிழ்லயே பேசுறாங்க, "நேவி கலர், இத்தன ரோல், எடை இவ்வளவு, ஈரமா இருக்கு"ன்னு. ஏஐ அத பிரிச்சு டிசில எடை எடைல, ரோல் ரோல்ல, மிச்சத்த குறிப்புல போட்டு காட்டும், அவங்க பாத்து ஓகே பண்ணணும். லாஸ் கூட குறைய இருந்தா தடுக்காது, மஞ்சள்ல காட்டும், அவ்வளவுதான், சரக்கு இறங்கட்டும். முத வாரம் வண்டி சத்தத்துல பாதி வார்த்தை தப்பா வந்துச்சு, இப்போ டிரைவர் இன்ஜின நிறுத்துன அப்புறம் தான் பேசுறாங்க. காம்பாக்டிங்க மட்டும் இன்னும் சரியா புடிக்கல. போன வாரம் நான் போனப்போ அந்த நோட்டு மேசை மேலயே இருந்துச்சு, ரெண்டுலயும் எழுதிட்டு இருந்தாங்க. நோட்ட எப்போ எடுத்து வைக்கலாம்னு முதலாளி என்னைய கேட்டார். அந்த அக்காவ கேளுங்கன்னு சொல்லிட்டு வந்தேன்.